கறுப்பு வெள்ளை: யார் முடிவு பண்ண சாம்பல் இது?

டிஜிட்டல் கேமரா கையில வந்த எல்லாருக்கும் ஒரு நாள் இந்தச் சந்தேகம் வரும். மெனுவுல 'மோனோக்ரோம்'னு ஒண்ணு இருக்கே, அதைப் போட்டு எடுக்கறதா? இல்ல, கலர்லயே எடுத்துட்டு வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையா மாத்திக்கறதா? ரெண்டு கட்சிக்கும் ஆள் இருக்கு, விடிய விடிய பேசுவாங்க. நான் பொட்டி தட்டுறவன். உள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சாதான் எனக்குத் தூக்கம் வரும். நோண்டிப் பார்த்தா விஷயம் 160 வருஷத்துக்கு மேல பின்னாடி போகுது. கொஞ்சம் பெரிய கொசுவத்திதான், பொறுத்துக்குங்க :-)

முதல்ல ஒரு அடிப்படை. கேமரா சென்சாருக்கு நிறமே தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு வெளிச்சம் விழுந்ததுங்கற கணக்கு மட்டும்தான் அதுக்குத் தெரியும். 1975-ல கோடாக்ல வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன்ங்கற இளம் எஞ்சினியர் ஒரு டிஜிட்டல் கேமரா செஞ்சார். 100-க்கு 100 புள்ளி, மொத்தமே 10,000. எடை மூணரை கிலோவுக்கு மேல. ஒரு படத்தை கேசட்ல பதிய 23 நொடி ஆகும். அதுல வந்த படம் கறுப்பு வெள்ளை. வேற மாதிரி வந்திருக்கவும் முடியாது.

அப்போ கலர் எங்கேருந்து வந்தது? அதுக்கு 1861-க்குப் போகணும். இயற்பியல் புத்தகத்துல நம்மள படுத்தி எடுத்தாரே மாக்ஸ்வெல், அதே ஆள்தான். லண்டன்ல ஒரு கட்டம் போட்ட ரிப்பனை சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வழியா தனித்தனியா படம் எடுக்க வெச்சார். எடுத்துக் குடுத்தவர் தாமஸ் சட்டன். மூணுமே கறுப்பு வெள்ளைப் படம்தான். அதே நிறக் கண்ணாடிகள் வழியா மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா திரையில போட்டதும் ரிப்பன் கலர்ல தெரிஞ்சது. ஆக, கலர் படம்ங்கறது ஆரம்பத்துலேருந்தே மூணு கறுப்பு வெள்ளைப் படங்களோட கூட்டணிதான்.

இதுல ஒரு சிக்கல். மூணு தடவை எடுத்து முடிக்கற வரைக்கும் எதிர்ல இருக்கறது அசையக் கூடாது. ரஷ்யாவுல புரோகுடின்-கோர்ஸ்கி இதே வழியில 1909-லேருந்து சில வருஷம் நாடு முழுக்கச் சுத்திப் படம் எடுத்தார். அதுல ஆத்துத் தண்ணியை உத்துப் பாருங்க. அலை நகர்ந்த இடத்துல மூணு நிறமும் தனித்தனியா பிரிஞ்சு நிக்கும்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவங்க பிரான்ஸோட லூமியேர் சகோதரர்கள். 1907-ல அவங்க வித்த ஆட்டோகுரோம் தகட்டுல இருந்தது என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு மாவு! மாவுத் துகள்களை மூணு சாயத்துல நனைச்சு, கலந்து, ஒரே கண்ணாடியில பரப்பிட்டாங்க. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி நிறக் கண்ணாடி. மூணு தடவை எடுக்கற வேலை ஒரே தடவையில முடிஞ்சது.

கோடாக்கோட பிரைஸ் பேயர் 1976-ல காப்புரிமை வாங்கின அமைப்பும் இதே குடும்பம்தான். சென்சார் மேல கட்டம் கட்டமா நிறம். நாலு கட்டத்துல ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். நம்ம கண்ணு நுணுக்கத்தைப் பச்சையிலதான் அதிகம் பிடிக்கும்ங்கறதால அதுக்கு ரெண்டு சீட்டு. இன்னிக்கு உங்க போன் வரைக்கும் பெரும்பாலும் இந்தக் கட்டமோ இதோட வாரிசோதான். ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் நிஜமாத் தெரியும், மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்து வீட்டைக் கேட்டு மென்பொருள் ஊகிச்சுக்கும். 24 மெகாபிக்சல் கலர் படத்துல இருக்கற எண்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஊகம்!

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். மோனோக்ரோம் மோடுல எடுத்தா என்ன நடக்குது? நிறத்துக்காகப் பாதிக்கு மேல வெளிச்சத்தை வடிகட்டி வீணாக்கி, இல்லாத நிறத்தை ஊகிச்சு, கடைசியில அந்த நிறத்தையும் தூக்கிப் போடறோம். கேட்டா சிரிப்பு வருதுல்ல? அதனாலதான் அந்தக் கட்டமே இல்லாத கேமராக்கள் வந்தது. 1991-ல கோடாக் விட்ட டிசிஎஸ்லயே கறுப்பு வெள்ளைக்குன்னு தனி வகை உண்டு. 2012-ல லைக்கா எம் மோனோக்ரோம், 2023-ல பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம். வெளிச்சம் வீணாகாது, படம் கூர்மையா வரும்.

அப்போ அதான் சுத்தமான கறுப்பு வெள்ளையா? இங்கதான் கதையே இருக்கு. 'சுத்தமான' கறுப்பு வெள்ளைன்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல.

ஆரம்பகால நெகட்டிவ்களுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பச்சை லேசா, சிவப்பு சுத்தமாக் கிடையாது. அதனால நீல வானம் வெறும் வெள்ளையா வரும், சிவப்பு கறுப்பா வரும். 1858-ல லின்னேயஸ் ட்ரைப்ங்கற கம்பெனி ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர் கோயில்களையெல்லாம் படம் எடுத்தார். சென்னை மாகாண அரசோட போட்டோகிராபர் அவர். மொட்டை வானம் பொறுக்காம, தன்னோட நெகட்டிவ்கள்ல சாயம் தொட்டு மேகத்தைக் கையாலயே வரைஞ்சார். ஃபோட்டோஷாப்புக்கு ரொம்ப முந்தி!

1873-ல ஜெர்மனியில ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தா தகட்டுக்குப் பச்சையும் தெரிய வைக்கலாம்னு கண்டுபிடிச்சார். எல்லா நிறமும் தெரியற தகடு கடைக்கு வர 1906 ஆச்சு. ரொம்ப நாளைக்கு ரெண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துல புழங்குச்சு.

இதனால என்ன போச்சுங்கறீங்களா? நம்ம தோலைப் பாருங்க. மாநிறத் தோல் சிவப்பு வெளிச்சத்தை நிறையவும் நீலத்தைக் கம்மியாவும் திருப்பி அனுப்பும். சிவப்பே தெரியாத தகட்டுல ஒரு மாநிறக்காரர் நேர்ல இருக்கறதை விடக் கறுப்பாத்தான் விழுவார். நெத்தியில குங்குமம் மைப்பொட்டா மாறிடும். பழைய குடும்பப் படத்தைப் பார்த்துட்டு 'கொள்ளுத்தாத்தா அட்டக்கரி'ன்னு நாம பேசறோம். அதுல பாதி நிறம் அவரோடது, மீதி தகடு செஞ்ச கம்பெனியோடதா இருக்கலாம். நிறத்தை வெச்சு ஆளை எடை போடற ஊர்ல இது சின்ன விஷயமில்ல.

சரி, கம்ப்யூட்டர் நியாயமா நடந்துக்குமா? 'கறுப்பு வெள்ளையா மாத்து'ன்னு பட்டனை அமுக்கினா, பல மென்பொருள்கள்ல அடியில ஓடற கணக்கு இது: சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114. இந்த எண்களோட பூர்வீகம் 1953-ல அமெரிக்காவுல ஒப்புதல் ஆன கலர் டிவி விதிமுறை. கலர் ஒளிபரப்பு பழைய கறுப்பு வெள்ளை டிவியிலயும் ஒழுங்காத் தெரியணும்ங்கறதுக்காகப் போட்ட கணக்கு. 1982-ல தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்புறமும் நம்ம ஊர் வீடுகள்ல கறுப்பு வெள்ளைப் பெட்டி வேலை செஞ்சதே, அதுவும் இதே மாதிரி கணக்காலதான்.

போட்டுப் பாருங்க. சிவப்புப் புடவை ஒண்ணு: 200, 30, 30. பின்னாடி வாழை இலை: 30, 117, 30. ரெண்டுக்கும் விடை 81! கலர்ல பளிச்னு பிரிஞ்சு நின்ன புடவையும் இலையும் ஒரே சாம்பலாக் கரைஞ்சு போச்சு. 'கறுப்பு வெள்ளையில எடுத்தேன், சப்புன்னு இருக்கு'ன்னு பல பேர் சொல்றதுக்கு ஒரு காரணம் இதான்.

இதைத் தன் கையில எடுத்துக்கிட்டவர் ஆன்செல் ஆடம்ஸ். 1927-ல கலிபோர்னியாவோட யோசெமிட்டில ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். மனசுல இருந்த படம் இது இல்லன்னு தோண, மிச்சமிருந்த கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரோட எடுத்தார். வானம் கிட்டத்தட்ட கறுப்பாகி பாறை எழுந்து நின்னது. அவர் கையில ஒரே ஒரு தகடு. உங்க கிட்ட கலர் 'ரா' ஃபைல் இருந்தா அதே முடிவை வீட்டுல உக்காந்து நூறு தடவை மாத்தி மாத்தி எடுக்கலாம். சிவப்பைக் கூட்டினா முகம் வெளுக்கும், வானம் இருளும். நீலத்தைக் கூட்டினா தலைகீழ். கட்டமில்லாத லைக்காவுல இது முடியாது. ஆடம்ஸ் மாதிரியே லென்ஸ் முன்னாடி கண்ணாடி மாட்டணும்.

என் கட்சி இதான். 'ரா'வையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதிய விடுங்க, மோடு மோனோக்ரோம்ல இருக்கட்டும். திரையில கறுப்பு வெள்ளை தெரியறதால நிழலையும் வடிவத்தையும் பார்த்துக் கட்டம் கட்டலாம். நிறம் ஃபைலுக்குள்ள பத்திரமா இருக்கும். வெறும் ஜேபெக்கா மட்டும் எடுத்தீங்கன்னா, உங்க பாட்டி முகம் எந்தச் சாம்பல்ல நிக்கணும்னு கேமரா கம்பெனி எஞ்சினியர் முடிவு பண்ணிடுவார். அவர் உங்க பாட்டியைப் பார்த்ததே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஒரு வாழை இலை மேல கொஞ்சம் குங்குமத்தை வெச்சு எடுங்க. மூணு நிறத்தோட அளவையும் கூட்டிக் குறைச்சுப் பாருங்க. அப்புறம் வீட்டுல இருக்கற பழைய ஆல்பத்தை ஒரு தடவை திறங்க.