பட்டியலுக்கு வெளியே முதிர்ந்த ஒயின்: மெதோக் வட்டாரத்து ‘க்ரூ பூர்ஷ்வா’வின் வரலாறு

முன்னுரை

பிரான்சின் தென்மேற்கே, ஜிரோன்ட் கழிமுகத்தின் இடது கரையை ஒட்டி நீளும் மெதோக் வட்டாரம் உலகின் விலையுயர்ந்த சிவப்பு ஒயின்கள் சிலவற்றின் தாயகம். லாஃபீத், லதூர், மார்கோ ஆகிய பெயர்கள் ஏலக்கூடங்களில் ஒலிப்பவை. அதே வட்டாரத்தின் சரளை மண்ணில் விளைந்து, பத்துப் பதினைந்து ஆண்டு முதிர்ந்த பின்னும் அந்நாட்டு நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் நிற்கும் ஒயினும் உண்டு. அதன் புட்டியில் ‘க்ரூ பூர்ஷ்வா’ என்று அச்சிட்டிருக்கும். இந்த விலை வேறுபாட்டுக்குத் தரம் ஒரு காரணம்தான். ஆனால் 1855இல் எழுதப்பட்ட ஒரு பட்டியலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லின் பிறப்பு

‘பூர்ஷ்வா’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர் இடதுசாரி எழுத்துகளின் வழியே அறிவார். மெதோக்கை அடுத்துள்ள போர்தோ நகரில் அதற்கு முந்தைய பொருள், உரிமை பெற்ற நகரவாசி என்பது. போர்தோ அடங்கிய அக்கித்தேன் நிலத்தின் சீமாட்டி எலினோர் 1152இல் ஹென்றியை மணந்தார். ஈராண்டில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அதன்பின் 1453 வரை போர்தோ ஆங்கிலேய முடியின் கீழ் இருந்தது. கப்பல் கப்பலாக ஒயின் இங்கிலாந்துக்குப் போன அக்காலத்தில், போர்தோ நகரவாசிகள் தங்கள் தோட்டத்து ஒயினுக்கு வரிவிலக்குப் பெற்றிருந்தனர். அந்நகர் வழியே ஓடும் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்த ஒயினோ குறித்த நாள் வரை நகரத்துக்குள் நுழைய முடியாது. இச்சலுகையில் செல்வம் சேர்த்த வணிகர்கள் நகருக்கு வெளியே நல்ல நிலங்களை வாங்கினர். அவர்களது தோட்டங்களே ‘க்ரூ பூர்ஷ்வா’, அதாவது ‘பூர்ஷ்வா’ விளைநிலங்கள் எனப்பட்டன.

மெதோக்கின் பெரும்பகுதி அப்போது சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் எளிதில் இறங்கிவிடும் சரளை மேடுகளில் திராட்சைப் பயிர் பரவியது. மெதோக் ஒயினின் புகழும் வளர்ந்தது.

1855: விலையே தரமான பட்டியல்

1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக போர்தோ வணிகச் சபை ஒரு பட்டியல் கேட்டது. ஏப்ரல் 18ஆம் நாள் ஒயின் தரகர்கள் அதைத் தந்தனர். அதற்கென அவர்கள் தனியே சுவைச்சோதனை எதுவும் நடத்தவில்லை. நெடுங்காலமாக ஒவ்வோர் ஒயினும் சந்தையில் பெற்ற விலையை வைத்து ஐந்து படிகள் வகுத்தனர். இன்றைய கணக்கில் அதன் சிவப்பு ஒயின் வரிசையில் உள்ளவை 61 ஷாத்தோக்கள், அதாவது ஒயின் தோட்டங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் மெதோக்கைச் சேர்ந்தவை. ஒரு கண்காட்சிக்காக எழுதிய இத்தாள் நிலையான ஆணைபோல் ஆகிவிட்டது. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் முதற்படிக்கு உயர்ந்ததே பின்னாளில் நடந்த ஒரே பதவி உயர்வு.

இப்பட்டியலின் அடிப்படைக் கூறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிநிலை நிலத்துக்கு உரியதல்ல. ஷாத்தோவின் பெயருக்கு உரியது. இதற்குச் சிறந்த சான்று சேன் ஜூலியான் ஊரிலுள்ள ஷாத்தோ குளோரியா. பீப்பாய் செய்யும் குடும்பத்தில் பிறந்து அவ்வூர் மேயராக இருந்தவர் ஆன்றி மார்தேன். 1942 முதல் அவர் அண்டையிலிருந்த பட்டியல் ஷாத்தோக்களிடமிருந்து துண்டு துண்டாக நிலம் வாங்கி இத்தோட்டத்தை உருவாக்கினார். பத்திரம் கைமாறியதும் அந்நிலம் 1855இன் தகுதியை இழந்தது. மண் மாறவில்லை, வேரும் மாறவில்லை. புட்டியில் ஒட்டிய தாள் மட்டும் மாறியது.

விடுபட்டோரின் பட்டியல்

ஐந்து படிகளுக்கும் வெளியே நின்ற நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்கு அடையாளம் வேண்டியிருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, 1932இல் தரகர்கள் 444 ஷாத்தோக்களை ‘க்ரூ பூர்ஷ்வா’வாகப் பதிந்தனர். அவற்றில் 6 தனிச்சிறப்பு நிலை, 99 உயர்நிலை, 339 பொதுநிலை. அரசு இதை முறையாக ஏற்கவில்லை என்றாலும் பெயர் வழக்கில் நிலைத்தது. 1956ஆம் ஆண்டின் கடும் உறைபனி கொடிகளைக் கருக்கியது. 1962இல் உரிமையாளர்கள் சங்கம் அமைத்தனர்.

2003இல் அமைச்சக ஆணையோடு புதிய தரவரிசை வந்தது. விண்ணப்பித்த 490இல் 247 மட்டுமே தேறின. நடுவர்களில் சிலருக்குப் போட்டியிட்ட ஷாத்தோக்களோடு தொடர்பு இருந்தது. விடுபட்டவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2007இல் நீதிமன்றம் தரவரிசை முழுவதையும் ரத்து செய்தது. இத்தோல்வியிலிருந்து சங்கத்தார் பாடம் கற்றார்கள். 2008 அறுவடை முதல், ஆண்டுதோறும் பெயர் மறைத்த சுவைச்சோதனையில் தேறிய ஒயினுக்கு மட்டும் முத்திரை கிடைத்தது. 2020இல் மூன்று படிகள் திரும்பின: 249 ஷாத்தோக்கள், அவற்றில் 14 தனிச்சிறப்பு, 56 உயர்நிலை, 179 பொதுநிலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் தேற வேண்டும். 1855இன் பட்டியலில் இல்லாத நேர்மை இந்த மறுதேர்வில் இருக்கிறது.

துவர்ப்பும் காலமும்

முதிர்ச்சி என்பது என்ன? மெதோக்கின் முதன்மைத் திராட்சை கபெர்னே சோவிஞ்ஞோன்: சிறு பழம், தடித்த தோல். அதனால் சாற்றில் டானின் மிகுதி. இளம் ஒயினைச் சுவைத்தால் கடுக்காயைக் கடித்ததுபோல் நாவும் ஈறும் இறுகும். நம் அறுசுவையில் அதற்குத் துவர்ப்பு என்று பெயர். ஒயின் முதலில் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் கிடந்து, பிறகு புட்டிக்குள் போகும். தக்கை வழியே மிக நுண்ணிய அளவில் காற்று கசிய, டானின் மூலக்கூறுகள் நிறமிகளோடு பிணைந்து பெருத்து வண்டலாகப் படியும். துவர்ப்பு தணியும், பழ மணம் தேவதாரு, பதனிட்ட தோல், ஈர இலை மணங்களாக விரியும்.

பழைய புட்டியைத் திறக்கும் முறையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைப்பார்கள். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றி, வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மெல்லச் சாய்ப்பார்கள். சுடரின் வெளிச்சத்தில் முதலில் தெளிந்த சிவப்பு ஓடும். கரிய வண்டல் கழுத்தை எட்டியதும் கை நின்றுவிடும். கோப்பையின் விளிம்பில், இளமையில் நாவற்பழம்போல் இருந்த நிறம் செங்கல் நிறமாகியிருக்கும்.

முடிவுரை

முதிர்ந்த க்ரூ பூர்ஷ்வா ஒயின் மலிவாகக் கிடைப்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, 1855இன் பெயருக்கு உரிய விலை அதில் சேர்வதில்லை. மற்றொன்று, பெயர் இல்லாததால் அதை முதலீடாகப் பதுக்குவோர் குறைவு. நிலவறையில் காத்திருந்தவர் குடிப்பதற்காகவே காத்திருந்தார். எல்லா க்ரூ பூர்ஷ்வாவும் நெடுநாள் தாங்குவதில்லை என்பதால், வாங்குவோர் ஷாத்தோவோடு ஊரையும் அறுவடை ஆண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2005, 2009, 2010 போன்ற நல்ல ஆண்டுகளில் சேன் எஸ்தெஃப், மூலி, லிஸ்திராக் ஊர்களின் எளிய தோட்டங்களும் நன்கு முதிரும் ஒயினைத் தந்தன. விலையை வைத்துத் தரத்தை அளந்தது 1855. பெயரை மறைத்துச் சுவைத்த பிறகே தரத்தைச் சொல்கிறது இன்றைய முறை. நகரவாசிகளின் பழைய தோட்டங்கள் இந்த மாற்றத்துக்குக் காத்திருந்த காலம் ஒன்றரை நூற்றாண்டு.