காரோட்டின் கள்ளும் போலந்தின் வோட்காவும்

கள் ஒரு நாள் தாங்காத பானம். காலையில் இறக்கியது நண்பகலுக்குள் நுரைக்கும், மாலைக்குள் கடுக்கும், மறுநாள் புளிக்கும், அதன்பின் காடியாகிவிடும். வோட்கா அப்படியில்லை. காய்ச்சி வடித்த அந்தச் சாராயம் மூடிய குப்பியில் பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும். எங்கே குடிப்பது, யாரோடு குடிப்பது, யாருக்கு வரி கட்டுவது, எந்த எல்லையைக் கடத்திப் போவது என்ற அனைத்தையும் இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. கேரளத்தின் தென்கோடியில் இருக்கும் காரோடு, பாறசாலை வட்டாரத்தின் கதையையும் போலந்தின் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

காரோடு, நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊராட்சி. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடிவது இங்கேதான். கிழக்கே பாறசாலையும் இஞ்சிவிளையும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் களியக்காவிளை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் நாடு இது. கடலோரத்தில் தென்னை, மேட்டுநிலத்தில் பனை என்று இரண்டு மரங்களும் இங்கே உண்டு. இரண்டிலிருந்தும் கள் இறங்கியது. அதிலும் பனைதான் பழைய திருவிதாங்கூரின் தென்பகுதிக்குச் சோறு போட்டது.

பனையேறியின் உழைப்பைச் சொல்லாமல் கள்ளின் வரலாற்றைச் சொல்ல முடியாது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. விடியுமுன் தொடங்கி ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பனைகளில் ஏறி இறங்குவார். மாலையில் மறுபடியும் ஏறுவார். பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அன்றாடம் மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால்தான் நீர் சொட்டும். ஒரு நாள் சீவத் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். மாசி முதல் ஆனி வரை பருவம். அந்த மாதங்களில் காய்ச்சலாக இருந்தாலும் ஏறியே ஆக வேண்டும்.

இறங்குவது அக்கானியா கள்ளா என்பதை முடிவு செய்வது கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு. பாளை நீரில் பத்து முதல் பதினான்கு விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும். சுண்ணாம்பு தடவியிருந்தால் அவை பெருக முடியாது. நீர் இனிப்பாகவே இருக்கும். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பதநீர் என்பதைத்தான் குமரியிலும் பாறசாலைப் பக்கத்திலும் அக்கானி என்பார்கள். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆக, ஒரே மரம், ஒரே ஆள், ஒரே கலயம். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. ஒன்று குழந்தைக்குக் கொடுக்கும் பானம், மற்றது சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கும் பானம்.

இந்த உழைப்பின் மீது திருவிதாங்கூர் அரசு சுமத்திய வரிகள் கொடுமையானவை. தலைக்கு வரி இருந்தது. அது போதாதென்று பனையேறியின் கருவிகளுக்கே வரி விதித்தார்கள்: காலில் பூட்டும் தளைக்குத் தளைக்காணம், சார்த்தும் ஏணிக்கு ஏணிக்காணம். மரம் ஏறுபவரைத் தீண்டத் தகாதவராக ஒதுக்கி வைத்த அதே அரசு, அவர் ஏறும் ஏணியில் காசு பார்க்கத் தயங்கவில்லை.

ஆனால் கள் தாழ்ந்தவர் பானம் என்ற எண்ணம் தமிழ்நிலத்தில் என்றும் இருந்ததல்ல. சங்கப் பாடல்களில் கள்ளும் நறவும் தேறலும் அரசவையின் பானங்கள். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள கையறுநிலைப் பாடல், அவனுடைய வீரத்தைவிட அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தையே முதலில் நினைக்கிறது. கொஞ்சம் கிடைத்தால் தான் குடிக்காமல் பாணர்க்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர்கள் பாடக் கேட்டுக்கொண்டே உடனிருந்து குடிப்பான். குடியில் தோழமை என்பது என்ன என்று கேட்டால் இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது. அதே புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறல் பேசப்படுகிறது. தொலைநாட்டு மதுவை விரும்புவது புதுப்பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த மதுச்சாடி ஓடுகள் அதற்குச் சாட்சி. மறுபக்கம், கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறளும் இதே மொழியில்தான் பிறந்தது.

காரோடு, பாறசாலைப் பக்கத்தில் கள் விற்கும் இடத்துக்குப் பெயர் ஷாப்பு. கள் கெடும் என்பதால்தான் ஷாப்பு பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. வீட்டுக்கு வாங்கிப்போய் அடுக்கி வைக்க முடியாத பானத்தை இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே குடித்தாக வேண்டும். அதனால் குடிப்பவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள். கூடியபின் பேசாமல் இருப்பது எப்படி? காலையில் மதுரக்கள்ளு, சாயங்காலம் அந்திக்கள்ளு என்று நேரத்துக்கு ஒரு சுவை. தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனிக் கிழங்கும் காரமான சாளைமீன் குழம்பும். மரச்சீனியை ஏழைகளின் உணவாகத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அவருக்குப் பின் வந்த தலைமுறைகளுக்கு ஷாப்பும் மரச்சீனியும் பிரிக்க முடியாதவையாகிவிட்டன. கள்ளின் வலுவும் பேச்சுக்கு இடங்கொடுப்பது. கேரள விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 விழுக்காடும் பனங்கள்ளுக்கு 5.2 விழுக்காடும் உச்ச வரம்பாக வைத்திருந்தன. இந்த அளவில் ஒருவர் ஒரு குப்பியை வைத்துக்கொண்டு நெடுநேரம் கதை பேசலாம். மழை, மீன் விலை, கூலி, தேர்தல் என்று அந்தப் பேச்சு போகும். கள்ளிறக்கும் செத்துத் தொழிலாளரும் சுமை தூக்குவோரும் சங்கம் கட்டிய கேரளத்தில் அரசியல் பேச்சு ஷாப்புக்கு வெளியே நின்றுவிடவில்லை. கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்கென 1969-லேயே அந்த மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது.

போலந்தின் வோட்கா இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. கம்பு, கோதுமை முதலிய தானியங்களையும், 19-ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கையும் புளிக்க வைத்து வடித்தெடுத்தது அது. பொதுவாக 40 விழுக்காடு வலு கொண்டது. கெடாது என்பதால் எங்கும் கொண்டுபோய் விற்கலாம். அங்கே அதைத் தொழிலாக்கியவர்கள் பிரபுக்கள். தன் பண்ணை எல்லைக்குள் மது வடிக்கவும் விற்கவும் பிரபுவுக்கு மட்டுமே உரிமை என்ற ஏற்பாடு போலந்தில் சில நூற்றாண்டுகள் நீடித்தது. பண்ணையடிமைகளாக இருந்த குடியானவர்கள் தங்கள் பிரபுவின் விடுதியில்தான் குடிக்க வேண்டும். வேறு பண்ணையில் வாங்கக் கூடாது. தானியத்தை விற்று வரும் பணத்தைவிட அதே தானியத்தை வடித்து அதை விளைவித்தவனுக்கே விற்பதில் ஆதாயம் அதிகம் என்று பிரபுக்கள் கண்டுகொண்டார்கள். பல பண்ணைகளில் வருமானத்தின் பெரும்பங்கு இதிலிருந்தே வந்தது.

விடுதியை நடத்தியவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த யூதர்கள். குத்தகைப் பணம் பிரபுவின் பைக்குப் போனது. குடித்துக் கெட்டவர்களின் கோபமோ விடுதிக்காரர் மேல் விழுந்தது. திருவிதாங்கூரிலும் இதையேதான் காண்கிறோம். மது விற்கும் உரிமைக்கான ஆப்காரி ஏலத்தில் பணம் பெற்றது அரசு, லாபம் பார்த்தவர் குத்தகைக்காரர். இழிசொல்லைச் சுமந்தவரோ மரம் ஏறிய பனையேறியும் செத்துகாரரும். குடிக்கு எதிராகப் பேசிய பலர் இந்த நியாயக்கேட்டை மட்டும் பேசாமல் விட்டது வருத்தத்துக்குரியது.

விடுதி கசப்பின் இடமாக மட்டும் இருக்கவில்லை. போலந்தின் தேசியக் காவியமாகப் போற்றப்படும், 1834-இல் வெளிவந்த ஆதாம் மிக்கியேவிச்சின் ‘பான் ததேயுஷ்’ நூலில் யான்கியேல் என்ற யூத விடுதிக்காரர் வருகிறார். தந்திக்கருவி இசைப்பதில் தேர்ந்த அவரை நாட்டுப்பற்று மிக்கவராகக் கவிஞர் படைத்திருக்கிறார். 1772-க்கும் 1795-க்கும் இடையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டபின், போலந்துக்காரர்கள் தங்கள் மொழியில் கூடிப் பேசிய இடங்களில் விடுதியும் ஒன்று. அங்கே வளர்ந்த குடிமுறை இன்றும் தொடர்கிறது. சிறு கண்ணாடிக் குவளைகளில் எல்லாருக்கும் ஊற்றி, ஒருவர் உடல்நலம் வாழ்த்த, எல்லாரும் ஒன்றாக எடுத்து ஒரே மடக்கில் முடிப்பார்கள். உடனே ஊறிய ஹெர்ரிங் மீன், வெள்ளரி ஊறுகாய் போன்ற ஏதாவது ஒன்றைக் கடிப்பார்கள். அதன்பின் பேச்சு, பிறகு அடுத்த சுற்று. கள்ளில் பானமே ஆட்களைக் கூட்டியது. கெடாத வோட்காவைச் சுற்றியோ, கூட்டத்தை மனிதர்கள் வழக்கமாக வகுத்துக் காத்தார்கள்.

இரண்டு நாடுகளிலும் குடிக்கு எதிர்ப்பு சமயத்தின் வழியே எழுந்தது. 1844-இல் சிலேசியாவின் பியெகாரி ஊரில் யான் ஃபிட்செக் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மதுவை விடுவதாக உறுதி எடுப்போரின் சகோதரத்துவச் சபையைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் பாறசாலையில் லண்டன் மிஷன் ஊழியர் ஜான் ஆப்ஸ் பணியாற்றிக்கொண்டிருந்தார். மிஷன் சபையில் சேர்ந்த பனையேறிக் குடும்பங்களிடம் கள்ளை விட்டுக் கருப்பட்டிக்குத் திரும்பும்படி வற்புறுத்தல் இருந்தது.

அதைவிட ஆழமாக வேரூன்றியது நெய்யாற்றங்கரையில் பிறந்த இயக்கம். 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு, பின்னாளில் மதுவை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று தம் மக்களுக்கு அறிவுறுத்தினார். கள்ளிறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஈழவச் சமூகத்தில் பிறந்த ஒருவர் இதைச் சொன்னதில்தான் அதன் வலிமை இருக்கிறது. வருமானம் போகும் என்று தெரிந்தே, சாதி இழிவின் வேரை வெட்டச் சொன்னார் அவர். குருவின் வழி நடந்த டி.கே. மாதவன் போன்றவர்கள் அதை அரசியல் கிளர்ச்சியாக்கினார்கள்.

பிறகு வந்தது எல்லை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காரோடும் பாறசாலையும் எல்லை ஊர்களாயின. கொண்டான் கொடுத்தான் உறவுகள் இரு பக்கமும் இருக்க, அக்கம்பக்கத்துப் பனைகளுக்கு மட்டும் வெவ்வேறு சட்டம் வந்தது.

சட்டங்களின் போக்கு விசித்திரமானது. தெற்கே, ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் வழியில் சென்னை மாநிலம் நின்றது. வடக்கே கேரளம் 1967-இல் மதுவிலக்கைக் கைவிட்டது. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், கொச்சி சமஸ்தானம் இயற்றிய ஆப்காரிச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதுவே இன்றும் அடிப்படைச் சட்டம். தமிழ்நாட்டில் 1971-இல் கடைகள் திறந்தன; 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன; 1981-இல் மீண்டும் திறந்தன; 1987-இல் கள்ளும் சாராயமும் திரும்பத் தடை செய்யப்பட்டன. அந்தக் கள் தடை நீங்கவில்லை. ஆனால் 1983-இல் உருவான அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. இதன் விளைவு: களியக்காவிளைப் பக்கத்துப் பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் குற்றவாளி; ஆலையில் வடித்த, கள்ளைவிடப் பல மடங்கு வலுவான மதுவை அரசே விற்கும். உழவர்களும் பனைத் தொழிலாளரும் கள் தடையை நீக்கக் கேட்டுவருவதில் நியாயம் இருக்கிறது.

போலந்திலும் அரசு இப்படி இடையிட்டதுண்டு. 1920-களில் சாராயம் அரசு ஏகபோகமானது. இராணுவச் சட்டம் நடப்பிலிருந்த 1982-இல் வந்த மதுச்சட்டம், பிற்பகல் ஒரு மணிக்கு முன் கடைகளில் மது விற்கக் கூடாது என்றது. அந்தத் தடை கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின் 1990-இல்தான் நீங்கியது. ஆனால் தங்கள் பானத்தைப் போலந்துக்காரர்கள் பிறகு காத்துக்கொண்டார்கள். 2013 முதல், போலந்தில் விளைந்த கம்பு, கோதுமை, பார்லி, ஓட்ஸ், டிரிட்டிக்காலே அல்லது உருளைக்கிழங்கிலிருந்து அந்நாட்டிலேயே தயாரித்தது மட்டுமே ‘போலந்து வோட்கா’ என்ற பெயரைத் தாங்கலாம். நிலத்தில் விளைந்த பானத்துக்கு நிலத்தின் பெயரால் மதிப்புத் தேடிக்கொடுத்த ஏற்பாடு அது. பனங்கள்ளுக்கு அப்படியொன்று நடக்கவில்லை.

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. மக்கள் குடியை விட்டுவிடவில்லை. 1984-இல் தொடங்கிய அரசு மதுபானக் கழகத்தின் கடைகளில் வரிசை நீண்டது. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கல்லில் கள்ளச்சாராயம் முப்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மதுக்கழகக் கடையில் நிற்பவர் பணத்தை நீட்டி, குப்பியை வாங்கி, மடியில் செருகிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அங்கே உட்கார இடமில்லை, பேசவும் யாருமில்லை. கெடாத பானம் கைக்கு வந்தது. ஆனால் போலந்துக்காரர்கள் அதைச் சுற்றி வளர்த்துக்கொண்ட சபை மரபு கூடவே வரவில்லை.

ஷாப்புகள் மறையவில்லை. கேரளத்தில் பலவும் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்று, குடிக்காதவர்களும் குடும்பத்தோடு போகும் இடங்களாக மாறியிருக்கின்றன. 2021-இல் அம்மாநிலம் கள்ளுத்தொழில் வளர்ச்சி வாரியத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. தட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது: ஏறுவதற்கு ஆள் இல்லை. கருவிகளுக்குக்கூட வரி கட்டிய பனையேறிகளின் வழிவந்தவர்கள் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். ரப்பரும் வீட்டுமனையும் பனை நின்ற மேடுகளை எடுத்துக்கொண்டன. காரோட்டிலும் பாறசாலையிலும் எஞ்சிய பனைகளில் பாளை வருகிறது, பெரும்பாலானவை சீவப்படாமலே முற்றிக் காய்கின்றன.