யாருக்கும் பட்டா இல்லாத காற்று: வீட்டு வைஃபை பிறந்த கதை

ரமணாசிரமத்தைச் சுற்றி வீடு தேடி வருபவர்கள் தண்ணீர் எப்படி என்று கேட்கிற வாயோடு வைஃபை எப்படி என்றும் கேட்டுவிடுகிறார்கள். குளிர்காலம் வந்து வெளிநாட்டு அன்பர்கள் தங்கத் தொடங்கினால், ரமண நகரில் ஒரே கட்டடத்தில் ஆறேழு குடித்தனம். ஒவ்வொன்றிலும் ஒரு ரௌட்டர். மாடிப்படியில் நின்று போனைத் திறந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசை கட்டுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். அதை நடத்த யாரும் எந்த அலுவலகத்திலும் உரிமம் வாங்கவில்லை. அந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது என்பதுதான் வைஃபை பிறந்த கதை. வீட்டில் நெட் திணறினால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது.

முதல் விதை விழுந்தது ஹவாயில். தனித்தனித் தீவுகளில் இருந்தவர்கள் பல்கலைக்கழகக் கணினியைப் பயன்படுத்த வேண்டும். தொலைபேசிக் கம்பியை நம்பாமல் நார்மன் ஆப்ராம்சனின் குழு ரேடியோவை எடுத்துக்கொண்டது. 1971 ஜூனில் அலோஹாநெட் ஓடத் தொடங்கியது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில்தான் அனுப்பும். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல் வராவிட்டால், வேறொன்றோடு மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஏதோ ஓர் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பும். இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுவதால் மறுமுறை மோதும் வாய்ப்பு குறையும். இன்றைய ரௌட்டரும் போனும் இந்த ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கின்றன. கூடுதலாக ஒன்று: அனுப்புமுன் காது கொடுத்துக் கேட்டு, காற்று காலியாக இருந்தால் மட்டுமே அனுப்பும்.

பேசும் முறை கிடைத்துவிட்டது. பேச இடம் வேண்டுமே. அலைவரிசைகள் அரசுகளின் கட்டுப்பாட்டில் இருப்பவை. ராணுவம், வானொலி, விமானம் என்று ஒவ்வொன்றும் யாருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு, தொழிற்சாலைச் சூடேற்றி, மருத்துவக் கருவி போன்றவற்றுக்காக விட்டுவைத்த சில பட்டைகள் மட்டும் மிச்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. இரைச்சல் மிகுந்த அந்த இடத்தில் தகவல் தொடர்பு எடுபடாது என்பதுதான் பொதுவான எண்ணம். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தில் வேலை பார்த்த மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். ராணுவத்தில் புழங்கிய ஒரு நுட்பப்படி சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பினால் இரைச்சலைத் தாண்டிவிடலாம்; அந்த உரிமையைப் பொதுமக்களுக்கும் தரலாம் என்று வாதாடினார். 1985 மே மாதம் ஆணையம் அந்த முடிவை எடுத்தது. ஊர்ப் பொது மந்தைவெளி போல, வரம்புக்குட்பட்ட திறனில் யாரும் வரலாம், யாருக்கும் பட்டா கிடையாது.

முதலில் வந்தவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டி செய்யும் நிறுவனம். கடையில் பில் போடும் இயந்திரங்களை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் வயர் இழுக்க வேண்டியிருந்தது என்.சி.ஆர். நிறுவனத்துக்குத் தலைவலி. நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் வேவ்லேன் என்ற கம்பியில்லா இணைப்பைச் செய்தார்கள். ஆனால் ஆளுக்கொரு முறை வைத்தால் ஒருவர் கருவி இன்னொருவர் கருவியோடு பேசாது. 1990இல் இதற்கென ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.11 குழு தொடங்கியது, என்.சி.ஆரைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். 1997இல் வந்த முதல் தரநிர்ணயம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட் ஆனது. அதே ஆண்டு ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியில் இதைச் சேர்க்க, கல்லாப்பெட்டிக்குப் பிறந்தது வீட்டுக்குள் நுழைந்தது.

வீட்டுக்குள் ஒரு தொல்லை காத்திருந்தது. அலை சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி, ஒரே செய்தி பல எதிரொலிகளாக வந்து குழப்பும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ஜான் ஓ'சல்லிவன் குழு இதற்கு ஏற்கெனவே வழி கண்டிருந்தது. ஓ'சல்லிவன் வானியலில் மங்கலான ரேடியோ சிக்னல்களைத் தேடிப் பழகியவர். வேகமான ஒரே ஓடையை மெதுவான பல ஓடைகளாகப் பிரித்து அனுப்பினால் எதிரொலி கெடுக்காது. 1996இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி வெளியிட்டது 2005 ஜனவரியில். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அதன் பலன் தெரிந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கண் பரிசோதனை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெலும் வைஃபையால் இணைத்தன. வீட்டு ரௌட்டர்களில் இருக்கும் அதே வகை ரேடியோ அட்டை. கோபுரத்தில் எதிரெதிரே பார்க்கும் ஆன்டெனா. பல கிலோமீட்டர் தூரத்தில் ஒப்புதல் திரும்பி வரத் தாமதமானதால், அனுப்புவதற்கு நேரம் பங்கிட்டுக் கொடுக்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். கிராமத்து நோயாளி பஸ் ஏறாமல் வீடியோவில் டாக்டரைப் பார்த்தார். அலைவரிசைக்கு லட்சக்கணக்கில் கட்டணம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இனி நம் வீட்டு ரௌட்டருக்கு வருவோம். நெட் வரவில்லை என்றால் முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால், வெளியே ஒளியிழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. மலையடிவாரத்தில் குரங்குகள் வயரில் தொங்குகிற ஊர் இது. கனெக்‌ஷன் கொடுத்தவருக்குத்தான் போன் செய்ய வேண்டும், வைஃபைமேல் பழி இல்லை. சிவப்பு இல்லையென்றால், லேன் வயரால் மடிக்கணினியை ரௌட்டரில் நேரே மாட்டுங்கள். அதில் வேகமாக வந்து போனில் திணறினால், கோளாறு வீட்டுக்குள், காற்றில்.

காற்றில் என்றால் பெரும்பாலும் நெரிசல். 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்துப் பத்து ரௌட்டர்களும் காது கொடுத்துக் கேட்டுக் காத்திருப்பதால் சிக்னல் முழுதாகக் காட்டியும் வேகம் வராது. இலவசமாக மொபைலில் கிடைக்கும் அலசும் செயலியால் காலியான சேனலைப் பார்த்து ரௌட்டர் அமைப்பில் மாற்றுங்கள். ரௌட்டர் இருக்கும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. அங்கே சேனல்கள் அதிகம். ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் பலவீனம். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் தடங்கினால் காரணம் தெரிந்ததே: இரண்டும் பிறந்த பட்டை ஒன்று.

அடுத்தது இடம். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல், தண்ணீர்த் தொட்டியருகே ரௌட்டரை வைக்கக் கூடாது; உலோகம் அலையைத் திருப்பும், தண்ணீர் விழுங்கும். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். கான்கிரீட் தளம் இடையில் இருந்தால் மாடிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்து இன்னொரு கருவி போடுவதுதான் உறுதியான வழி. அறை வாடகைக்கு விடுபவர்கள் விருந்தினருக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து கொடுத்துவிட்டு, தங்கள் கணினிகள் இருக்கும் இணைப்பை WPA2 அல்லது WPA3 பாஸ்வேர்டோடு தனியே வைத்துக்கொள்ளலாம். கம்பெனி போட்டு அனுப்பும் நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமமில்லா இடத்தை அரசு விரிவாக்கியது. 2025இல் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப் பகுதிக்கும் வரைவு விதி வந்தது. நெரிசலுக்கு உண்மையான மருந்து இதுதான்: காற்றில் பொதுவிடம் கூடுவது. அலைவரிசையை ஏலம் விட்டு வருமானம் பார்ப்பதும் அரசுக்குத் தேவைதான். ஆனால் விற்காமல் விட்ட ஒரு சிறு பட்டையில் கல்லாப்பெட்டி முதல் கண் மருத்துவம் வரை இத்தனை முளைத்திருக்கிறது. மிச்சம் இருக்கும் பட்டைகளைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிறந்த கதையை எடுத்துச் சொல்லி, பொதுமக்கள் பங்கைக் கேட்டு வாங்க வேண்டும்.