பென்ஷன்காரர் லைன்

ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள டிங்கோல்ஃபிங், ஒருகாலத்தில் விதைக்கும் கருவிகள் தயாரான ஊர். கருவி செய்த கிளாஸ் குடும்பம் ஸ்கூட்டருக்குத் தாவியது. அங்கிருந்து கோகோமொபில் என்ற குட்டிக் காருக்கு. கடைசியில் கை மீறிப்போக, 1966இல் பிஎம்டபிள்யூ அந்த நிறுவனத்தை வாங்கியது. 1973இல் ஊரில் புதிய கார் ஆலையே எழுந்தது. அப்போது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 2007இல் ஐம்பத்துநான்கு. கணக்குப் பார்த்த நிர்வாகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஊழியர்களின் சராசரி வயது 39. பத்தே ஆண்டில், 2017இல், அது 47 ஆகிவிடும். போதாக்குறைக்கு அதே 2007இல்தான் ஜெர்மன் நாடாளுமன்றம் ஓய்வு வயதைப் படிப்படியாக 67க்கு உயர்த்தச் சட்டம் போட்டது. பெரியவர்களைக் காசு கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் ஊரையே வாழவைக்கும் ஆலை என்ற பெயர் கெட்டுப்போகும். உற்பத்தி அதிகாரி நிக்கோலஸ் பாவருக்கும் சகாக்களுக்கும் விபரீதமான யோசனை ஒன்று உதித்தது: 2017ஐ இன்றைக்கே வரவழைத்துப் பார்த்தால் என்ன?

பின் அச்சு கியர்பாக்ஸ் பூட்டும் லைன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்கள் 42 பேர். இளையவர், மூத்தவர் கலந்து சராசரி வயது சரியாக 47 வரும்படி ஆள் மாற்றினார்கள். ஆலைக்குள் உடனே ஒரு பட்டப்பெயர் பிறந்தது: 'பென்ஷன்காரர் லைன்'. அங்கே போக யாருக்குத்தான் மனசு வரும்? சோதனை தொடங்கும் முன்பே படுத்துவிடும் போலிருந்தது.

தொழிலாளர் மன்றம் கைகொடுத்தது. பொறியாளர்கள் வரைபடத்தோடு வந்து நிற்காமல், லைன்காரர்களிடமே எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். அதுதான் திருப்பம்.

முழங்கால் வலிக்குக் கிடைத்த மருந்து தரையில் இருந்தது. மரப்பலகை போட்டார்கள், அதற்கேற்ற காலணியும் தந்தார்கள். கால் வலி தணிந்தது; அவ்வப்போது சுள்ளென்று அடித்த நிலைமின் ஷாக்கும் குறைந்தது. செலவு 5,000 யூரோ. பிறகு பூதக்கண்ணாடி வந்தது, கணினித் திரையில் எழுத்து பெரிதானது, மேசை ஆளுக்கேற்ப ஏறி இறங்கியது, கருவிகளின் கைப்பிடி பருத்தது. ஒரே தசை நாள் முழுக்க உழைக்காதபடி ஷிப்டுக்குள்ளேயே இடம் மாறி நின்றார்கள். இப்படி 70 மாற்றங்கள். பட்டறைக்கூட்டங்களில் போன நேரத்தையும் சேர்த்து மொத்தம் சுமார் 40,000 யூரோ. அந்த ஆலையில் அப்போது உருவான கார் ஒன்றின் விலையே ஏறத்தாழ அவ்வளவு இருந்தது!

நின்றபடியே கழியும் பொழுதுக்கு மட்டும் இன்னும் விடை வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், இடையில் இளைப்பாறவும் வேண்டும். அதற்கேற்ற, ஏற்றி இறக்கிச் சுழற்றக்கூடிய இருக்கை, கார் தொழிலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கடையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. முடிதிருத்தும் சலூனின் நாற்காலிதான் அது! கார் லைனுக்குள் அது வந்து நின்றது.

ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறியது. இளையவர்கள் வேலை செய்த லைன்களுக்கு இணை. விடுப்பு விகிதம் 7 சதவீதத்திலிருந்து 2க்கு இறங்கியது. குறைபாடுள்ள கியர்பாக்ஸ் வருவதே நின்றது. அடுத்து ஆஸ்திரியாவின் ஸ்டையரில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையும் இதே வேலையைத் தொடங்கியது, 'பென்ஷன்காரர் லைன்' காட்டிய வழியில்.