தென்கரையில் நின்றவர்கள்: திருச்சி – திருவரங்கம் நகர வளர்ச்சியும் நம் பயணமும்



காவிரியைக் கடப்பது பற்றி இந்த ஊர் சொல்லிவரும் பழைய கதைகளில் ஒன்று திருப்பாணாழ்வாருடையது. உறையூர்ப் பாணர். திருவரங்கத் தீவில் கால்வைக்கக் கூடாதவர் என்று சாதி சொன்னதால் தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தார். தீர்த்தம் எடுக்க வந்த உலோகசாரங்கர் விலகச் சொன்னது பாட்டில் மூழ்கியிருந்தவர் காதில் விழவில்லை. கல் பறந்தது, ரத்தம் வந்தது. பிறகு அரங்கன் ஆணையிட, அதே உலோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்கிறது வைணவ மரபு. அதனால் அவருக்கு முனிவாகனர் என்றும் பெயர். அவர்கள் இதைக் கருணையின் கதையாகச் சொல்கிறார்கள். நாம் இதைப் போக்குவரத்தின் கதையாகப் படிக்கலாம். ஆற்றைக் கடக்க அவருக்குப் பாதை தரப்படவில்லை, தோள்தான் தரப்பட்டது. கரையில் நின்ற மற்றப் பாணர்களை யாரும் சுமந்ததாகக் கதையில் இல்லை.

நகரத் திட்டமிடல் என்பது மேற்கிலிருந்து வந்த நவீன வித்தை என்று பாடப்புத்தகங்கள் நம்மை நம்ப வைக்கின்றன. திருவரங்கத்தைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல முடியாது. மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்று. உள்சுற்றுகள் வழிபாட்டுக்கு. வெளிச்சுற்றுகளில் உத்திர வீதிகள், சித்திரை வீதிகள் என்று வீடும் கடையும். எந்தத் தெருவில் யார் குடியிருப்பது, தேர் எந்த வீதியில் ஓடுவது என்பதெல்லாம் தீர்மானமானவை. நம் குடியிருப்புகள் அந்த ஏழில் எந்த எண்ணிலும் இல்லை, மதிலுக்கு வெளியேதான். ஒரு நகரம் யாருடைய உழைப்பால் நடக்கிறதோ அவர்களை அதன் வரைபடத்துக்கு வெளியே வைப்பதும் திட்டம்தான்.

வெள்ளைக்காரன் வந்தபின் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மதில் விழுந்தது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டப்படி 1866 நவம்பர் 1 அன்று திருச்சி நகராட்சி அமைந்தது. பதவி வழி உறுப்பினர் 2 பேர், நியமன உறுப்பினர் 9 பேர். தேர்தல் 1877இல்தான் வந்தது. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள், மெயின்கார்டு கேட் மிஞ்சியது. அகழி இருந்த தடத்தில் எழுந்தவையே மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும். (புலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கொத்தளத்தைக் குறித்த ஐரோப்பியச் சொல் ஒன்று அகலச் சாலைக்குப் பெயராகி, நம் வாயில் புலி ஆனது.) மதில் போய்ச் சாலை வந்தது உண்மை. ஆனால் சாலை வந்ததும் அதில் எல்லோரும் நடந்துவிடவில்லை.

பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்பதற்கு, நகராட்சி அமைந்து 58 ஆண்டு கழித்து, தனியே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். செப்டம்பரில் அது அரசாணையானது. பொது என்று பெயரிட்ட ஒன்று உண்மையிலேயே பொதுவானதுதான் என்று அரசு தாளில் எழுதித்தர வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் மாவட்டத்துக்கான சாலைகளைத் திட்டமிட்டவை ஜில்லா போர்டுகள். அவற்றின் கை எவ்வளவு நீளம் என்பதற்குப் பக்கத்துத் தஞ்சாவூரே சாட்சி. அங்கே ஜில்லா போர்டு தனி வரி போட்டு, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயிலே விட்டது. ஆனால் ரயிலும் பஸ்ஸும் வந்த பிறகு ஏறுவது யார் என்ற கேள்வி பாக்கி இருந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்று தனியார் பஸ் முதலாளிகள் வெளிப்படையாகவே நடந்துகொண்டார்கள். 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். நம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் புதுச்சாலை போடவில்லை, புது வண்டி வாங்கவில்லை. உரிமம் என்ற ஒற்றைக் காகிதத்தைப் பிடித்தார், கதவு திறந்தது.

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயதில், 1901இல், அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் போன பயணத்தை எழுதியிருக்கிறார். ரயில் மசூர் நிலையம் வரை கொண்டுவந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே மாட்டுவண்டி கிடைக்கவில்லை. இரட்டைக் கூலியும் கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொள்வதானால் சரி என்று ஒருவன் ஒப்புக்கொண்டான், அவன் கூடவே நடந்து வந்தான். ரயில் நிற்கிற இடத்துக்கும் நாம் போகிற இடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவில்தான் சாதி காத்து நிற்கிறது. நம் ஊர்களில் இன்றும் பஸ் ஊருக்குள் நின்று திரும்பிவிடும், சேரிவரை வராது. சாலை குறுகல் என்பார்கள், பயணிகள் இல்லை என்பார்கள்.

பொன்மலை வேறு கதை. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றி, 1928இல் முழுதாக இயக்கியபோது, தொழிலாளிக்கு வீடும் சேர்த்துக் கட்டியது. சங்கு ஊதினால் ஆள் வந்து நிற்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. அன்பு ஒன்றும் இல்லை. 1946 செப்டம்பர் 5 அன்று அதே பொன்மலையில் 5 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்றாலும் வேலையிடத்தையும் வீட்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்த திட்டமாக அது இருந்தது. நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் போடவில்லை.

1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பஸ் பொதுச்சொத்தானது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் 1997இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது என்ன நடந்தது? தலித் வீரர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் வெடித்தது. அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. திருச்சியில் ஓடிய தீரன் சின்னமலை பெயரும் அப்படிப் போனதுதான். இதைச் சமத்துவம் என்று அன்று சிலர் பாராட்டினார்கள். ஒரு பெயரைத் தாங்க முடியாத சமூகத்துக்காக எல்லாப் பெயரையும் அழிப்பது எந்த ஊர்ச் சமத்துவம்?

இனி இன்றைக்கு வருவோம். 1994இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துத் திருச்சி மாநகராட்சியானது. 2011 கணக்குப்படி 8.47 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். துவாக்குடி – பஞ்சப்பூர், சமயபுரம் – வயலூர் என்று மெட்ரோ தடங்கள் பேசப்படுகின்றன. மதுரை நெடுஞ்சாலையோரம் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் இயங்கத் தொடங்கியது. பஞ்சப்பூருக்கு நகரம் புதிதல்ல. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. குப்பைக்கு அரியமங்கலம், கழிவுநீருக்குப் பஞ்சப்பூர். மனிதருக்குப் பஸ் வருமுன் கழிவுக்குக் குழாய் வந்த ஊர் அது.

முனையம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நடு ஊரில் நெரிசல் இருந்தது, மாற்றம் தேவைதான். நாம் கேட்பது, வெளியூரிலிருந்து சித்தாள் வேலைக்கும் வீட்டுவேலைக்கும் வருகிற பெண் இரண்டாவது பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பதை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பெண்களின் கையில் கூலியை மிச்சம் வைத்த திட்டம் அது. ஆனால் திருச்சி நகரத்தில் தனியார் பஸ்கள் ஏராளம், அவற்றில் இது செல்லாது. ஆகவே அவள் முன்னால் வருகிற வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறாள். பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறாள். 2022–23இல் பழுதுபார்க்கக் காவிரிப் பாலத்தை மூடியபோதும் அதே கணக்குதான். பஸ்கள் சுற்றி ஓடின, சுற்றிய நேரம் நாட்கூலிக்காரரின் நேரம். விடியுமுன் துடைப்பத்தோடு தெருவில் நிற்க வேண்டிய தூய்மைப் பணியாளருக்கோ முதல் பஸ்ஸே தாமதம்.

அரசியல் சாசனத்தின் 243 இசட்டி பிரிவு, ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் ஒன்றாக இணைக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டக்குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்து வர வேண்டும். இடஒதுக்கீட்டில் வென்ற நம் வார்டு உறுப்பினர்கள் அங்கே உட்கார உரிமையுள்ளவர்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் பெருந்திட்ட வரைவுக்கு மக்கள் ஆட்சேபணை சொல்ல வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் இதுவரை அதிகம் நடந்திருப்பவர்கள் மனை விற்பவர்களே.

எனவே இங்கே இருக்கும் சமூகவியல் மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் குடியிருப்பிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து அளந்து எழுதுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது அரசு பஸ்ஸா தனியார் பஸ்ஸா, மழைநாளில் அது வருகிறதா, ஓரமாக நிற்க நிழல் உண்டா என்று தேதியோடு குறியுங்கள். குறிப்புகளைத் தொகுத்து, அடுத்த வரைவு வெளிவரும் நாளில் வார்டு எண்ணோடு மனுவாகக் கொடுப்போம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். தடத்துக்கு உரிமம் தருகிற அதிகாரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.