விவசாயிகளுக்காக ஒரு பேங்க்

உங்களை ஒரு பழைய பேங்க் கட்டடத்தை வரையச் சொன்னா என்ன வரைவீங்க? நானா இருந்தா நாலு பெரிய தூண், அகலமான படிக்கட்டு, மேலே ஒரு முக்கோணம் வரைவேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் நிறைய பேங்க்குகள் அப்படித்தான் இருந்தன, கிரேக்கக் கோயில் மாதிரி. 'உங்க பணம் இங்கே பத்திரம்'னு அந்தத் தூண்கள்தான் சொல்லணும்.

மின்னசோட்டா மாநிலத்தில் ஓவடோனான்னு ஒரு ஊர். அப்போ அங்கே ஆறாயிரம் பேர்கூட கிடையாது. சுத்தி வயல், மாடு, பால். அந்த ஊர் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க்கை நடத்திய குடும்பத்தில் கார்ல் பென்னட்னு ஒருத்தர், இசைப் பைத்தியம். விவசாயி வந்துபோற இடத்துக்கு எதுக்கு ரோமாபுரி என்பது அவர் கேள்வி. லூயிஸ் சல்லிவன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தவர், அவரையே கூப்பிட்டுவிட்டார்.

சல்லிவன் சாதாரண ஆள் இல்லை. சிகாகோவின் வானளாவிய கட்டடங்களுக்கு வடிவம் தந்தவர், ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் குரு. ஆனா அந்த நேரத்தில் கையில் அதிகம் வேலை இல்லை. பெரிய நகரம் மறந்துவிட்ட ஆளை ஒரு சின்ன ஊர் தேடிப் போனது!

1908-ல் பேங்க் திறந்தது. வெளியே பார்த்தா ஒரு செங்கல் பெட்டி, பக்கத்துக்கு 68 அடி. கீழே சிவப்பு மணற்கல். தெருவைப் பார்த்த இரண்டு சுவர்களிலும் 36 அடி அகலத்தில் ஒரே ஒரு பிரம்மாண்ட வளைவு. தூண் ஒண்ணுகூட இல்லை. உள்ளே போனாத்தான் விஷயமே: அந்த வளைவுகளின் வண்ணக் கண்ணாடி வழியா பச்சை வெளிச்சம் இறங்கும். வண்ணங்களால் ஒரு சிம்பொனி செய்யணும்னு சல்லிவன் நினைத்தார். பென்னட்டுக்கு இதைவிட வேற என்ன வேணும்? மேலே தொங்கும் நாலு இரும்பு விளக்குகள் ஒவ்வொண்ணும் இரண்டு டன்னுக்கு மேல். இந்த அலங்காரத்தில் பெரும் பங்கு சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியோடது. அவர் பேரை யாரும் சொல்றதே இல்லை, அதனால நான் சொல்றேன்.

எனக்குப் பிடிச்சது அலங்காரம்கூட இல்லை. விவசாயிகள் உட்கார்ந்து பேச ஒரு அறை, பெண்களுக்குத் தனியா ஒரு அறை என்று திட்டத்திலேயே இருந்தது. சந்தைக்கு வந்தவங்க கணக்கு இல்லாட்டியும் உள்ளே வரலாம்னு சொல்ற கட்டடம்.

அடுத்த வருஷமே சம்பளம் கொடுக்க முடியாமல் எல்ம்ஸ்லியை இழந்தார் சல்லிவன். வீட்டுப் பொருட்களும் ஏலத்துக்குப் போயின. 1924-ல் கையில் காசில்லாமல் சிகாகோவில் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு விளைபொருள் விலை சரிந்தது. நிலத்தை நம்பிக் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியலை. 1926-ல் பேங்க் மூடியது. பென்னட் எல்லாவற்றையும் இழந்தார்.

கட்டடம் மட்டும் கைமாறி, பேங்க்காகவே தொடர்ந்தது. 1940-ல் பழைய காசாளர் கூண்டுகளைப் பிடுங்கினாங்க. 1981-ல் அமெரிக்க அரசு இதே கட்டடத்தை 18 சென்ட் தபால்தலையில் போட்டது. உள்ளே, வளைவுக்குக் கீழே ஆஸ்கர் கிராஸ் வரைந்த பால்மாடுகள் இன்னமும் நின்னுட்டிருக்கு.