நான் அணைக்கச் சொன்ன ஆம்ப்ளிஃபையர்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு மாணவன் போன் செய்தான். 1998-ல் பிளஸ் டூ முடித்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் 'அவன்' என்றே எழுதுகிறேன், என் வகுப்பில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில். "சார், மறுபடியும் கிட்டார் வாசிக்கலாம்னு இருக்கேன். அபார்ட்மென்ட் வீடு. பக்கத்து ரூம்ல பொண்ணு பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறா. ஆம்ப் வைக்க முடியாது. மாடலிங் பெடல்னு கையளவு பெட்டி வருது, காலால மிதிச்சு ஆன் பண்றது. கடையில ஏகப்பட்டது இருக்கு. நீங்க பிசிக்ஸ் சார், எதை வாங்கலாம்னு சொல்லுங்க" என்றான்.

சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போது நான்தான் விடுதிக் காப்பாளர். படிப்பு நேரத்தில் அறையில் எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் சொருகி வாசித்தான். அதை வாங்கி என் அறையில் பூட்டிவைத்தேன். ஆண்டு முடிவில்தான் திருப்பிக் கொடுத்தேன். அவன் இதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. அதனால் இந்த ஒரு மாதமாக உட்கார்ந்து படித்தேன். பெட்டியைப் பற்றிப் படிக்கப் போனவன் வரலாற்றுக்குள் போய் விழுந்தேன்.

நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன்? உள்ளே போகும் சிற்றலை எந்த வடிவமோ, அதே வடிவத்தில் பெரிதாகி வெளியே வர வேண்டும். வடிவம் மாறினால் அது குறை. கிட்டார்க்காரர்களின் உலகம் இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு வேண்டியதே அந்தக் குறைதான்.

வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் அலையின் உச்சி சப்பையாகிறது. மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. காதுக்கு அது கரகரப்பு, தொண்டை கட்டிய பாடகரின் குரல் மாதிரி. 1951-ல் மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸ் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்தபோது கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டிருந்தது. உள்ளே காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார்கள். பாட்டு வெற்றி பெற்றது. லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964-ல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழித்தார். என் விடுதியில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருப்பேன்!

இன்று பெடல்களுக்குள் இருக்கும் மாதிரிகளில் பல மூன்று குடும்பங்களிலிருந்து வருகின்றன. முதலாவது கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் செய்தவை. இரண்டாவது இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி 30. பீட்டில்ஸ் பின்னால் நிற்கும் பெட்டி. மூன்றாவது மார்ஷல்.

மார்ஷல் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஜிம் மார்ஷல் ஒரு வாத்தியார். லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்தவர், கடையும் வைத்திருந்தார். கடைக்கு வந்த கிட்டார்க்காரப் பையன்கள், அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் விலை கட்டுப்படியாகவில்லை, இங்கேயே செய்து தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ரிப்பேர்க்காரர் கென் பிரான், இளைஞர் டட்லி கிராவன் ஆகியோரோடு சேர்ந்து ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து 1962-ல் ஒன்றைச் செய்தார். பாஸ்மேன் உண்மையில் பாஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஸ்பீக்கர் வேறு, ஸ்பீக்கர் உட்கார்ந்த மூடிய பெட்டி வேறு, உள்ளூரில் கிடைத்த பாகங்கள் வேறு. ஒலியே மாறிவிட்டது. ஒரே குழம்பை வேறு சட்டியில் வைத்தால் ருசி மாறுகிற மாதிரி. 'சட்டி' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெடல் வாங்கும்போது அதுதான் முக்கியம்.

இந்த மூன்றிலும் ஒரே சங்கடம். அந்தக் கரகரப்பு வர வேண்டுமானால் ஊரே அதிர வைக்க வேண்டும். 1965-லேயே மார்ஷல் 100 வாட்டுக்குப் போய்விட்டது. ஆக, என் மாணவனுக்கும் எனக்கும் நடந்த சண்டை அவனுடைய அடங்காத்தனத்தால் மட்டும் வந்ததல்ல. கருவியின் பௌதிகமே அப்படி. அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் பூட்டிவைக்காமல் வேறு வழி பார்த்திருப்பேனோ என்னவோ.

சத்தமில்லாமல் சத்தம் வேண்டும் என்ற இந்த ஆசைதான் பெடலைப் பெற்றெடுத்தது. 1982-ல் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் (எம்ஐடியில் படித்த இன்ஜினியர்) இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கிற 'ராக்மேன்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1989-ல் ஆண்ட்ரூ பார்ட்டாவின் சான்ஸ்ஆம்ப் பெடல் வந்தது. பெயருக்கே 'ஆம்ப் இல்லாமல்' என்று பொருள். இரண்டிலும் கணிப்பொறி கிடையாது, வெறும் டிரான்சிஸ்டர், ஐசி சர்க்யூட்தான்.

டிஜிட்டலில் இந்த வேலையைப் பரவலாக்கியது லைன் 6 நிறுவனத்தின் பாட். சிவப்பு நிறத்தில் ராஜ்மா விதை வடிவத்தில் மேஜைமேல் உட்காரும் பெட்டி. வந்த ஆண்டு 1998. ஆமாம், நான் ஆம்ப்ளிஃபையரைப் பூட்டிவைத்த அதே ஆண்டு. இதைப் படித்தபோது சற்று நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பாட் செய்தது கிட்டாரின் அலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, வால்வு என்ன செய்யுமோ அதே கணக்கைப் போட்டு மறுபடி அலையாக்குவது. 2011-ல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு வழியைக் காட்டினார்: உண்மையான ஆம்ப்ளிஃபையருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதை வைத்து அதன் குணத்தைப் படி எடுப்பது. இன்று அதே வேலையை நியூரல் நெட்வொர்க் செய்கிறது. ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி அந்தச் சட்டிக்கு வருகிறேன். கிட்டார் ஸ்பீக்கர் ஒரு மோசமான ஸ்பீக்கர். ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெட்டிவிடும். அந்த வெட்டுதான் கரகரப்பை இனிமையாக்குகிறது. ஸ்பீக்கரை விட்டுவிட்டு நேராக ஹெட்போனில் கேட்டால் காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். ஆகவே பெடலுக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் நகலும் இருக்க வேண்டும். அதை 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்கிறார்கள், சுருக்கமாக ஐஆர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாரே, அதுதான். அந்த ஒரு தட்டுக்கு வரும் ஓசையில் பானையின் குணம் முழுவதும் இருக்கிறது. ஸ்பீக்கரை அப்படி ஒரு தட்டுத் தட்டி, வந்த ஓசையைப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு எந்த ஒலியையும் அந்த ஸ்பீக்கர் வழியாக வந்ததுபோல் கணக்கிட்டுவிடலாம்.

மாணவனிடம் நான் முதலில் கேட்டது விலையை அல்ல. "இதன் மறுமுனையை எதில் சொருகப் போகிறாய்?" என்றேன். ஹெட்போன் என்றான். அப்படியானால் ஐஆர் கட்டாயம், பெடலிலேயே ஹெட்போன் துளையும் வேண்டும். சில பெடல்களில் அந்தத் துளை கிடையாது, வாங்கிய பிறகுதான் தெரிகிறது. ஒருநாள் நிஜ கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் ஐஆரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர் ஆகி ஒலி மந்தமாகிவிடும்.

அடுத்து, எத்தனை ஆம்ப்? 2018-ல் வந்த லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரியானவற்றில் ஆம்ப்புகளும் எஃபெக்ட்டுகளும் ஏராளம், சின்னத் திரையும் உண்டு. 2019-ல் வந்த ஸ்ட்ரைமன் இரிடியத்தில் மூன்றே மூன்று: ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல். திரை கிடையாது, திருகுகள் மட்டும். மேடையில் விதவிதமான பாட்டு வாசிப்பவருக்கு முதலாவது சரி. நாள் முழுக்க ஆபீஸில் திரையைப் பார்த்துவிட்டு இரவு அரை மணி நேரம் வாசிக்க நினைப்பவன் அந்த அரை மணியையும் மெனுவில் தொலைத்துவிடுவான் என்பது என் அபிப்பிராயம். உங்களில் இசைக்காரர்கள் மறுக்கலாம், பின்னூட்டத்தில் திட்டுங்கள்.

தாமதம் பற்றியும் பயந்தான். கணக்குப் போட நேரம் பிடிக்குமே என்று. காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 சென்டிமீட்டர் போகும். 3 மில்லி வினாடித் தாமதம் என்றால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்த கணக்கு, அவ்வளவுதான். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம், அது சேர்க்கும் தாமதம் விரலுக்கே தெரியும். மின்சாரமும் கவனிக்க வேண்டியது. பழைய பெடல்களுக்கு 9 வோல்ட் பேட்டரி போதும். இரிடியத்துக்கு 9 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், எச்எக்ஸ் ஸ்டாம்ப்புக்கு 3 ஆம்பியர் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய அடாப்டரைச் சொருகாதே, துருவம்கூட மாறியிருக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மூன்று ஆம்ப் உள்ளதையே, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அன்று பூட்டிவைத்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினான். மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தான். கூடத்தில் வீட்டம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எனக்கு வாக்ஸ் பிடித்திருந்தது. இந்த வயதில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கும் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எனக்கும் கிட்டார் ஸ்பீக்கருக்கும் ஒத்துப்போகிறது.